கீழக்காலுக்கு முறை வந்த நாட்கள்

போன வாரம் வரைக்கும் நான் எழுதியதெல்லாம் அண்ணன் புராணம். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தான், நகை போட்டு இலஞ்சியில் கட்டிக் கொடுத்தான், ஆடி பிறந்தால் கைநிறையச் சீர் கொண்டு வருவான், சீசனில் எத்தனை கூட்டம் இருந்தாலும் தினம் ஒரு போன் போட்டுவிடுவான் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். படித்துவிட்டு "எனக்கு இப்படி ஒரு அண்ணன் வாய்க்கவில்லையே" என்று ஏங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்த ஏக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் ரெங்கம்மாள். வீட்டுக்காரர் பாண்டிராஜ், இலஞ்சியில் மூன்று ஏக்கர் நெல் போடுகிறவர். பாசனச் சங்கத்துக்குச் செயலாளர். அண்ணன் குற்றாலீஸ்வரன், குற்றாலத்தில் எங்கள் அம்மா பெயரில் 'வடிவம்மாள் லாட்ஜ்' நடத்துகிறவன். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது.

அந்த வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

சிற்றாற்றில் இருந்து பிரிந்து, லாட்ஜுகளின் பின்சுவரை ஒட்டியே இறங்கி, ஊருக்கு மேற்கே ஒரு மதகில் வந்து இரண்டாகும். ஒன்று மேலக்கால், எங்கள் வயல்களுக்கு. இன்னொன்று கீழக்கால், கீழத்தெருக்காரர்களின் வயல்களுக்கு. சாரல் நன்றாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். சாரல் பின்வாங்கிவிட்டால் முறை வைப்பார்கள். மூன்று நாள் மேலக்கால், மூன்று நாள் கீழக்கால். நடுவில் ஒரு மழை அடித்தால் முறை கலைந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி முதலில் இருந்து எண்ணுவார்கள்.

அதனால் வெளியாள் யாரும் காலண்டரைப் பார்த்து இன்று யார் முறை என்று சொல்லிவிட முடியாது. மதகுச் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறதோ அந்த வீட்டில் கேட்டால்தான் தெரியும். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். எங்கள் வயலுக்குக் களை எடுக்கப் போன பெண்கள் ஆறு பேரும், தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிடக்கூடச் செய்யாமல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"அக்கா, நீங்களே வந்து மோந்து பாருங்க. பீத்தண்ணி ஓடுது. நாங்க கால வைக்க மாட்டோம்."

"என்னட்டி சொல்லுத? இன்னைக்கு நம்ம முறையே இல்லியே. கீழக்கால்லதான ஓடணும்?"

"எவன் முறையோ எங்களுக்கு என்ன தெரியும்? வயல்ல தண்ணி நிக்குது. நாறுது. நீங்க வேணா இறங்கி எடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். வரப்பில் ஏறும் முன்பே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. பயிருக்கு இடையே தண்ணீர் கறுப்பாக நின்றது. மேலே எண்ணெய்ப் படலம். ஷாம்பூ பாக்கெட்டுகளும், வாயால் சொல்லக் கூசுகிற இன்னும் சில சாமான்களும் வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தன. வீட்டுக்காரர் முழங்கால் அளவு அதற்குள் நின்று, மடையை மண்போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம வயலுக்குத் தண்ணி எப்படி வந்துச்சு?"

"நான்தான் திருப்பி விட்டேன்" என்றார் நிமிராமலே. "மாடன் ஒரு நாளைக்கு முறைய மாத்திக்கிடுவோமான்னு கேட்டான். அவன் புள்ளைக்கு சங்கரன்கோயில்ல காதுகுத்தாம், தண்ணி பாய்ச்ச ஆளு இல்லைன்னான். வெளிய சொல்லாதிய அண்ணாச்சி, மத்தவன் எல்லாம் மாத்தக் கேப்பான்னான். அதான் உன்கிட்டகூட சொல்லல. விடியக்காலம் போயி திருப்பிவிட்டு வந்தேன்."

முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் போன் போட்டிருந்தான். சாப்பிட்டியாட்டி, முழங்கால் வலி எப்படி இருக்கு என்றெல்லாம் கேட்டுவிட்டு, எப்போதும் கேட்பதைப்போல, "நாளைக்கு யாரு முறை?" என்றான். "நாளைக்கும் நாளக்கழிச்சும் கீழக்கால்தான்ணே" என்று நானும் சொன்னேன். விவசாயத்தின் மேல் அண்ணனுக்கு என்ன ஒரு அக்கறை என்று மனசுக்குள் பூரித்துக்கொண்டேன் வேறு.

வயலில் அந்த நாற்றத்துக்குள் நின்றபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. கூறு இருந்தால்தானே உறைப்பதற்கு.

"எல்லாம் அந்த ஜோயல் பய சோலிதான்" என்றார் வீட்டுக்காரர். மதகுக்கு மேலே ரோட்டோரமாக வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறவன் ஜோயல். சீசனுக்கு வருகிற கார், வேன் எல்லாம் கழுவி, நுரையும் ஆயிலும் கலந்த தண்ணீரை வாய்க்காலில் விடுவான். ஊரில் எவனுக்கு வயிறு வலித்தாலும் பழி ஜோயல் மேல்தான் விழும்.

"ஜோயல் இல்ல அண்ணாச்சி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் மாடன். சங்கரன்கோயிலில் பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டியவன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வருகிறான்.

"ஏலே, காதுகுத்துக்குப் போகல?"

"காதுகுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எம்பிள்ளைக்கு ஒரு வயசுலயே குத்தியாச்சு."

மாடன் குனிந்து தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினான். மோந்து பார்த்துவிட்டு உதறினான். அவன் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று தெரியாத ஒன்று வந்து போனது.

"இதேதான். ரெண்டு வருசமா எங்களுக்கு வருதது இதே தண்ணிதான்."

இரண்டு வருஷமாக அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் நாறுகிறது, காலெல்லாம் புண் வருகிறது, பயிர் கருகருவென்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து கதிர் வெறும் பதராகப் போகிறது என்று சங்கத்தில் வந்து அழுதார்கள். "யூரியாவ அள்ளிக் கொட்டியிருப்பிய, பொறவு தண்ணியக் குறை சொல்லுதிய" என்று என் வீட்டுக்காரர்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார். "கீழக்கால்காரனுக்கு என்னைக்குத்தான் குறை இல்ல" என்று காப்பி ஆற்றிக்கொண்டே நானும் ஒத்து ஊதியிருக்கிறேன். போன கார்த்திகையில் மாடன் மகள் அபி, பத்து வயசுப் பிள்ளை, மஞ்சள் காமாலையில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்துவிட்டு, "பாத்து சுத்தமா வச்சுக்கிடுங்கப்பா" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தவள் நான்.

"உங்களுக்கு முறை இருக்கும்போது ஒரு நாளாவது இது வந்திருக்கா அண்ணாச்சி?" மாடன் குரலை உயர்த்தவில்லை. "நான் குறிச்சு வச்சிருக்கேன். எங்க முறைக்கு மட்டும்தான் வருது. ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே மதகு. எங்க முறை என்னைக்குன்னு சாக்கடைக்கு எப்படித் தெரியும்? அதான் எவனுக்கும் தெரியாம மாத்திப் பாத்தேன். விடுதவன் இன்னைக்கு ஏமாந்துட்டான்."

"ஜோயலா இருக்கும்லே. அவன்தான..."

"ஜோயல் தெனமும் கழுவுதான், தெனமும் விடுதான். அவனுக்கு முறையும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. முறை பாத்து விடுதவன்னு ஒருத்தன் மேல இருக்கான். அவனுக்கு முறை சொல்லுதவன்னு ஒருத்தன் கீழ இருக்கான்." கொஞ்சம் நிறுத்தினான். "சாவி உங்க வீட்டுலதான இருக்கு அண்ணாச்சி. நாலு மணிக்கு மதகுல எல்லாரும் கூடுதோம். நீங்க வந்து பதில் சொல்லணும்."

என் வீட்டுக்காரர் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் அந்தச் செயலாளர் வேலையைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறவர். கோபக்காரர், வாய்த்துடுக்கு உண்டு. ஆனால் கை சுத்தம். அந்த ஒன்றை வைத்துத்தான் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

"ஏலே, கேட்டுக்கோ. என் வீட்டுல இருந்து ஒரு சொல்லு போயிருந்தா இந்தச் சாவிய அன்னைக்கே கீழ வச்சிருதேன். விடுதவன் எவனா இருந்தாலும், என் கையாலயே மனு எழுதித் தாரேன். திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல கொண்டு குடு. போதுமா?"

"போதும் அண்ணாச்சி."

இப்போது உறைத்தது. உச்சந்தலையில் ஆணி இறங்கினதுபோல் உறைத்தது. நாளைக்கு யாரு முறை, நாளைக்கு யாரு முறை என்று இரண்டு வருஷமாக அந்தக் குரல் கேட்டதும், நான் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்ளும். நான் ஒரு தெருவையே கெடுத்திருக்கிறேன்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

சனிக்கிழமை, அதிலும் ஆடி. குற்றாலத்துக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர் குறைவாக விழுந்தாலும் ஜனம் குறையவில்லை. தலையில் எண்ணெய் வழிய வழிய, துண்டோடு ரோட்டில் நடக்கிறவர்கள், சிப்ஸ் கடை முன்னால் நிற்கிறவர்கள், வேனில் இருந்து அப்போதுதான் குதிக்கிறவர்கள். இத்தனை பேரும் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், காலையில் கக்கூஸுக்குப் போகிறார்கள். அதெல்லாம் எங்கே போகிறது என்று நாற்பத்தைந்து வயசு வரைக்கும் நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான்.

"வா தாயி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்க!" அண்ணன் ரிசப்ஷனில் இருந்து எழுந்தே வந்துவிட்டான். உள்ளே மதினிக்குக் குரல் கொடுத்தான். "ஏட்டி வேலு, யாரு வந்திருக்கான்னு பாரு. ரெங்கத்துக்கு மங்குஸ்தான் எடுத்து வையி, நல்லதா பாத்து."

"மங்குஸ்தான் கெடக்கட்டும். நேத்து நீ எதுக்கு முறை கேட்ட?"

"எப்பவும் கேக்குததுதான?"

"அதான் கேக்கேன். எப்பவும் எதுக்குக் கேக்க?"

என் முகத்தைப் பார்த்தான். ரிசப்ஷனில் இரண்டு குடும்பங்கள் ரூம் கேட்டு நின்றிருந்தன. என் தோளைத் தொட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனான்.

பின் பிளாக்கின் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். சுவரோரம் ஒரு கடப்பாக்கல் பலகை. அதை அவன் காலாலேயே நகர்த்தினான். கீழே ஒரு பெரிய பைப்பும் அதில் சக்கரம் வைத்த ஒரு வால்வும் இருந்தன. ஒளிக்கவே இல்லை. தோட்டத்தில் புதிதாக வைத்த கன்றைக் காட்டுகிற மாதிரி காட்டினான்.

"நாப்பது ரூமு. சீசன்ல ஒரு ரூமுக்கு எட்டு பேரு, பத்து பேருன்னு வந்து படுக்கான். நாலு நாளுல செப்டிக் டேங்கு நெறஞ்சிருது. லாரிக்குச் சொன்னா, வரிசைல நில்லுங்க, பத்து நாளு ஆகும்கான். அதுவரைக்கும் ரூமுக்குள்ள ஏறட்டும்னு விடவா?"

"அதுக்கு வாய்க்கால்ல விடுவியா?"

"இந்த வரிசைல விடாதவன் எவன்னு சொல்லு. மத்தவன் எல்லாம் ரோட்டுச் சாக்கடைல விடுதான். நான் ஒருத்தன்தான் யோசிச்சு விடுதேன்."

"என்னத்த யோசிச்ச?"

அண்ணனுக்கு உண்மையாகவே வருத்தமாகப் போய்விட்டது. "என்னட்டி இப்படிக் கேக்க? ரெண்டு வருசத்துல உன் வயலுக்கு ஒரு சொட்டு வந்திருக்கா? தங்கச்சி வயலுக்கு வந்திரக் கூடாதுன்னுதான தெனமும் உன்கிட்டயே கேட்டுட்டு விடுதேன்? உங்க முறைன்னா வால்வத் தொட மாட்டேன். நெறஞ்சு வழிஞ்சாலும் மூணு நாளு பல்லக் கடிச்சுட்டு இருப்பேன். உன் மதினிட்ட வேணா கேளு."

அவன் கண்ணில் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். இவன் பாசத்தோடு செய்திருக்கிறான். சீர் கொண்டு வந்த அதே கையால், அதே மனசால், கணக்காக நாள் பார்த்து அடுத்தவன் வயிற்றில் விட்டிருக்கிறான்.

"இன்னைக்கு வந்துட்டு" என்றேன். "முறைய மாத்திட்டாங்க. என் வயல்ல நிக்குது."

"அடப்பாவி! மாத்துனதச் சொல்லக்கூடாதா? மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"கீழக்கால்ல இருக்கவனும் மனுசன்தானண்ணே?"

"அவன் நமக்கு யாருட்டி?"

"மாடன் பிள்ள இருவது நாளு ஆஸ்பத்திரில கெடந்துச்சு. மஞ்சக்காமாலை. செத்துப் பொழச்சுது."

"ஊருல எத்தனையோ பேருக்கு வருது மஞ்சக்காமாலை. எல்லாம் என் பைப்புல இருந்தா வருது?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்வார்கள். அந்த வேறு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு அந்தச் சுவரோரம் தெரிந்தது. சொல்லிவிட்டேன்: "இன்னைக்கு நாலு மணிக்கு மதகுல கூட்டம். அவரு மனு எழுதப் போறாரு. விடுதவன் எவனா இருந்தாலும் எழுதித் தாரேன்னு சொல்லிட்டாரு. நான் உன் பேரச் சொல்லப் போறேன்."

அண்ணன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கடப்பாக்கல்லை மறுபடி காலால் தள்ளி மூடினான். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எழுதட்டும். பின் பிளாக்கு லைசென்ஸ் யாரு பேருல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு எழுதச் சொல்லு."

"உன் பேருலதான்."

"என் பேருல முன் பிளாக்குக்கே கேஸ் கெடந்துச்சு, மாடி கூடுதலா எடுத்துட்டேன்னு. இதுக்கு என் பேருல தர மாட்டேன்னுட்டான். அஞ்சு வருசத்துக்கு முந்தி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டியே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். "அம்மா சொத்துல எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

"வேண்டாம்னா எழுதச் சொல்லுவேன் நான்? உன் பங்க உன் பேருலயே எழுதினேன். எடமும் உன் பேரு, கட்டடமும் உன் பேரு, லைசென்சும் உன் பேரு. உனக்கு எதுக்கு அலைச்சல்னுதான் நான் பாத்துக்கிடுதேன். தங்கச்சி சொத்தத் தின்னவன்னு என்னைய ஒரு பய சொல்லிர முடியாது."

வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் நீட்டிய பேப்பரை எந்தத் தங்கச்சி வாசிக்கிறாள்? வாசித்தால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? ஏமாற்றிவிட்டான் என்று கத்தக்கூட வழியில்லாமல் என்னை ஏமாற்றியிருக்கிறான். அந்தப் பைப்பு என்னுடையது. அந்த வால்வு என்னுடையது. அபி பிள்ளைக்குப் போன ஒவ்வொரு சொட்டுக்கும் லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது.

கடப்பாக்கல்லைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது, கையெல்லாம் ஒரு மாதிரி பிசுபிசுத்தது. அடுக்களைப் பக்கம் குழாயைத் திறக்கப் போனேன். மதினி வேல்விழி ஓடிவந்து தடுத்தாள்.

"அதுல கழுவாதட்டி! போர்த் தண்ணி நாத்தம் எடுத்து ஒரு வருசம் ஆச்சு. ரூமுக்கு மட்டும்தான் அது. நாங்க வாயி கொப்பளிக்கக்கூட கேன் தண்ணிதான்." கேனைச் சாய்த்து என் கையில் ஊற்றினாள். "நான் சொன்னா உங்கண்ணன் எங்க கேக்காரு? நீயாவது சொல்லு."

கிளம்பும்போது மங்குஸ்தான் பையை அண்ணன் ஆட்டோவுக்குள் வைத்தான். வழியில் நன்னகரம் பக்கம் ஒரு மாட்டுக்கு அத்தனையையும் கொட்டிவிட்டு வந்தேன். அதுவும் தின்னவில்லை.

வீட்டுக்குப் போக முகமில்லாமல் கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மேலக்கால்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் ஜோயலைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை பார்த்த ஈரப் பேண்ட்டோடு அப்படியே இழுத்து வந்திருக்கிறார்கள். அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனி.

"எழுதும்யா செயலாளரே, ஜோயல் பேர" என்றார் மேலக்கால் தாணு. "கண்ணு முன்னால நுரை வருது. வேற சாட்சி என்னத்துக்கு?"

"நுரை என்னோடது அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன்" என்றான் ஜோயல். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "ஆயிலும் என்னோடது. நாளைக்கே ஒரு தொட்டி கட்டச் சொன்னா கட்டுதேன். பீ என்னோடது இல்ல. எங்க கடையில கக்கூஸே கெடையாது. நானே பெட்ரோல் பங்குக்குத்தான் போறேன்."

யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பைக் சீட்டின் மேல் வெள்ளைத்தாளை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். 'மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு' என்று மேலே எழுதியாகிவிட்டது. மாடன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜோயலப் பொறவு பாப்போம்" என்றான் மாடன். "அண்ணாச்சி, காலைல கேட்டதுக்குப் பதில். முறை யாரு சொல்லுதா?"

"என் வீட்டுல இருந்து போகலன்னு சொன்னேன்லா."

"நீங்க சொல்ல மாட்டிய. அது ஊருக்கே தெரியும். ஆனா சாவி..."

"இன்னும் என்னலே உனக்கு வேணும்?" அவருக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துவிட்டார். "இந்தா, என் வீட்டுக்காரி வந்துட்டா. அவ தலைல அடிச்சு சத்தியம் பண்ணுதேன், கேட்டுக்கோ. என் வீட்டுல இருந்து..."

விறுவிறுவென்று வந்து என் தலைக்கு மேலே கையை ஓங்கினார். அது என் உச்சியில் படுவதற்கு முன்னால் நான் பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

"சத்தியம் பண்ணாதிய."

"விடுட்டி."

"பண்ணாதிய. நான்தான் சொன்னேன்."

அவர் கையை விடாமலே மாடன் பக்கம் திரும்பினேன்.

"எங்கண்ணன் தெனமும் கேப்பான். நானும் தெனமும் சொல்லுவேன். எதுக்குக் கேக்கான்னு எனக்குத் தெரியாது, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பின் பிளாக்குல பைப்பு இருக்கு. சுவரோரம் கடப்பாக்கல்லுக்கு அடியில வால்வு. உங்க முறைன்னா தெறப்பான்." மாடனைப் பார்த்துச் சொன்னேன். வேறு யாரையும் பார்க்கும் தைரியம் இல்லை. "எங்க முறைன்னா தொட மாட்டானாம்."

கீழத்தெருப் பெண்களில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "வெளங்குவியளா நீங்கள்லாம்! எம்புள்ளைக காலப் பாத்திருக்கியா நீ?" மாடன் அவளைக் கையமர்த்தினான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"ரெண்டு வருசம்க்கா" என்றான்.

வீட்டுக்காரர் என் பிடியில் இருந்து கையை உருவிக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த மதகுச் சாவியை எடுத்து, குனிந்து, மதகுக் கல்லின் மேல் வைத்தார். பிறகு பைக் அருகே போய்ப் பேனாவை எடுத்தார். காலையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். மச்சான் என்று பார்க்கவில்லை. வடிவம்மாள் லாட்ஜ், பின் பிளாக் என்று எழுதினார். உரிமையாளர் என்று எழுதினார். கு போட்டு, ற் போட்டார்.

"அத அடிங்க" என்றேன். "அது அவன் பேருல இல்ல."

"பொறவு எவன் பேருல இருக்கு?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணனும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பான். திங்கட்கிழமைக்குள் அவன் வால்வைக் கழற்றிவிடுவான், பள்ளத்தைச் சிமெண்டு போட்டு மூடிவிடுவான், ஜோயல் கடைக்குப் பூட்டு விழும், நான் ஆடிச் சீருக்கு முறுக்கு எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் பேசக்கூடாததைப் பேசினேன். இப்போது பேச வேண்டியதையும் பேசாமல் போனால் எனக்கு வாய் எதற்கு?

"எழுதுங்க" என்றேன். "ரெங்கம்மாள். கணவர் பெயர் பாண்டிராஜ்."

அவர் பெயரை ஊர் நடுவில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேனா நின்றுவிட்டது. "கிழிச்சுப் போடும்யா அந்தப் பேப்பர!" என்று தாணு கத்தினார். "வீட்டு விவகாரத்த வீட்டுல வச்சுப் பேசிக்கிடுவோம்." மேலக்கால் பக்கம் ஆமா ஆமா என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

மாடன் பைக்கின் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"உங்களால எழுத முடியாட்டா குடுங்க அண்ணாச்சி. அபி எழுதுவா. அவ கையெழுத்து நல்லாருக்கும்."

என் வீட்டுக்காரர் தாளைக் கொடுக்கவும் இல்லை, மேற்கொண்டு எழுதவும் இல்லை. அதை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.